நாய் காதை உதறிக்கொண்டே இருக்கிறதா? அறிகுறி பார்த்து வீட்டில் செய்யக்கூடியவை, செய்யக் கூடாதவை

நாய் தலையை உதறுகிறது, பின்னங்காலால் காதைச் சொறிகிறது, பக்கத்தில் வந்து படுத்தால் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. உடனே நமக்குத் தோன்றும் கேள்வி "என்ன ஊற்றலாம்?" என்பதுதான். தேங்காய் எண்ணெயா, வினிகரா, மஞ்சளா? ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஊற்றுவதில் பயனில்லை. ஈஸ்ட் என்ற பூஞ்சைக்குச் செய்வது, காதில் ஒட்டி வாழும் மிகச் சிறிய உயிரியான சிற்றுண்ணியிடம் பலிக்காது. புல் முள் குத்திக்கொண்டிருக்கும் காதில் எதை ஊற்றினாலும் முள் அங்கேயேதான் இருக்கும்.

என் கணக்கில் வீட்டில் செய்ய முடிந்த வேலைகள் மூன்று: அழுக்கை எடுப்பது, ஈரத்தைப் போக்குவது, மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது. ஏற்கெனவே வேரூன்றிய தொற்றைக் கொல்லும் வேலையை இயற்கை வைத்தியத்திடம் ஒப்படைக்க நான் தயாராக இல்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

கையே வைக்கக் கூடாத காதுகள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தலை ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி இருக்கிறது. நடக்கும்போது தள்ளாடுகிறது, அல்லது ஒரே திசையில் வட்டமடிக்கிறது. கண்மணிகள் தாமாக இப்படியும் அப்படியும் ஓடுகின்றன. முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்து தொங்குகிறது. வாயைத் திறக்கவோ மெல்லவோ வலிக்கிறது. காதிலிருந்து ரத்தம் வருகிறது. துவாரமே தெரியாத அளவுக்கு உள்ளே வீங்கி மூடியிருக்கிறது. தொட்டாலே அலறுகிறது, எப்போதும் கடிக்காத நாய் கடிக்க வருகிறது. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுருண்டு கிடக்கிறது, உடல் சூடு 39.2 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது.

இவற்றில் பல, தொற்று நடுச்செவிக்கோ உட்செவிக்கோ இறங்கிவிட்டதைக் காட்டுபவை. அந்த நிலையில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். தோலில் பட்டால் ஒன்றும் செய்யாத திரவம்கூட, கிழிந்த செவிப்பறை வழியாக உள்ளே போனால் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுத்துவிடும். ஆல்கஹால், குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் எல்லாம் இந்த வகையில் பேர் வாங்கியவை. செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது. அதற்குக் காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப் வேண்டும்.

வலிக்கிறதே பாவம் என்று மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் உண்டாக்கும்.

காது எப்படி அமைந்திருக்கிறது

நம் காதுக்குழாய் ஏறத்தாழ நேராக உள்ளே போகிறது. நாய்க்கு அப்படி இல்லை. முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, அப்புறம் கிடைமட்டமாக உள்பக்கம் திரும்பி, அதன் கடைசியில் செவிப்பறை. உள்ளே போன தண்ணீரும் மெழுகும் அந்தத் திருப்பத்தில் தங்கிவிடும். மேலே மடல் தொங்கும் இனமாக இருந்தால் காற்றும் போகாது. சூடு, ஈரம், இருட்டு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? காக்கர் ஸ்பேனியல் மாதிரி நீண்ட காதுள்ளவை, பூடில் மாதிரி குழாய்க்குள் முடி வளர்பவை, ஷார்-பே மாதிரி குழாயே குறுகலானவை இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும்.

நல்ல காது எப்படி இருக்கும் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மடலைப் புரட்டினால் வெளிர் ரோஜா நிறம். லேசாக மஞ்சள் அல்லது இளம்பழுப்பில் கொஞ்சம் மெழுகு இருக்கலாம், அது இருக்க வேண்டியதுதான். மோந்து பார்த்தால் சொல்லும்படி வாடை இருக்காது. கண்ணைவிட மூக்கு முந்திக் கண்டுபிடிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை இரண்டு காதையும் மோந்து பார்ப்பது நல்ல பழக்கம். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அறிகுறி: தலையை உதறுகிறது, ஆனால் காது சுத்தமாக இருக்கிறது

எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். குளித்த பிறகோ நீந்திய பிறகோ என்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. மடலைத் தூக்கிப் பிடித்து, பஞ்சை விரலில் சுற்றி, விரல் போகும் ஆழம் வரை மட்டும் ஒற்றி எடுங்கள். அன்றைக்கே சரியாகிவிட வேண்டும். மறுநாளும் உதறினால் அது வெறும் தண்ணீர் இல்லை.

குளியலோ நீச்சலோ இல்லாமல் உதறுகிறது, கூடவே பாதங்களை நக்குகிறது, வயிற்றையும் அக்குளையும் சொறிகிறது என்றால் ஒவ்வாமைக்கான சந்தேகம் வலுக்கிறது. காதுக்குள் இருப்பதும் தோல்தான். உடம்பெல்லாம் அரிக்கும்போது காது மட்டும் தப்பிக்காது. பல நாய்களுக்கு ஒவ்வாமை முதலில் தலைகாட்டுவதே காதில்தான். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: பழுப்பு நிறப் பிசுக்கு, புளித்த வாடை

இதுதான் அடிக்கடி பார்ப்பது. பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்டின் வேலை. இந்த ஈஸ்ட் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதில்லை. ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும் கொஞ்சமாக எப்போதும் இருப்பதுதான். ஈரமோ அரிப்போ வீக்கமோ இடம் கொடுத்தால் பெருகிவிடும். பஞ்சில் துடைத்தால் கரும்பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு வரும். மடலின் உட்புறம் சிவந்திருக்கும். நாள்பட்டால் அந்தத் தோல் தடித்துக் கருத்துப்போகும்.

பிசுக்கு கொஞ்சமாக இருக்கிறது, தோல் சிவக்கவில்லை, தொட்டால் வலியும் இல்லை. இந்த நிலையில் வீட்டு வேலைக்கு இடம் உண்டு. நாய்க் காதுக்கென்று செய்த கழுவும் திரவத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவிப் பாருங்கள் (முறை கீழே). இரண்டு மூன்று தடவையில் வாடையும் பிசுக்கும் குறைய வேண்டும். குறையவில்லை, அல்லது குறைந்து திரும்பவும் வருகிறது என்றால் கழுவுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பூஞ்சைக்கொல்லிச் சொட்டு தேவைப்படும்.

சரி, வினிகர்? இந்த வாடைக்குத்தான் எல்லோரும் வினிகரைச் சொல்கிறார்கள், அதில் ஒரு பகுதி உண்மைதான். அமிலத்தன்மை கூடினால் ஈஸ்டும் சில பாக்டீரியாக்களும் வளரத் திணறும். சாதாரண வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 சதவீதம். அதைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 2.5 சதவீதம் ஆகும். நல்ல நிலையில் உள்ள காதை, நீச்சலுக்குப் பிறகு இந்தக் கலவையில் நனைத்த பஞ்சால் துடைப்பதில் பெரிய குற்றம் இல்லை. ஆனால் சிவந்து புண்ணாகியிருக்கும் காதில் இது தீயாக எரியும். ஒருமுறை எரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் பாட்டிலைக் கையில் எடுத்தாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இன்னொன்று, கலவையில் பெரும்பங்கு தண்ணீர்தானே. துடைத்துக் காயவிடாவிட்டால் நீங்களே ஈரத்தைக் கொண்டுபோய் விட்டதாக ஆகிவிடும்.

அறிகுறி: கருப்பாக, உலர்ந்து, காப்பித்தூள் மாதிரி அழுக்கு

இது காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். குட்டிகளிடமும், புதிதாக வீட்டுக்கு வந்த நாய்களிடமும், பூனையோடு சேர்ந்து வாழும் நாய்களிடமும் அதிகம். அரிப்பு தாங்க முடியாத அளவுக்கு இருக்கும், பெரும்பாலும் இரண்டு காதிலும். கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கருப்புக் காகிதத்தில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஊரவில்லை என்பதற்காகச் சிற்றுண்ணி இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். வளர்ந்த நாய் ஒன்றின் காதில் கருப்பு அழுக்கைப் பார்த்ததும் சிற்றுண்ணி மருந்து வாங்கி ஊற்றுகிறவர்கள் நிறைய பேர். பல நேரம் அது ஈஸ்டாகவே இருக்கும்.

எண்ணெய் ஊற்றினால் சிற்றுண்ணி மூச்சுமுட்டிச் சாகும் என்பார்கள். கொஞ்சம் சாகும், அழுக்கும் இளகும், மறுப்பதற்கில்லை. ஆனால் முட்டைகள் இருக்கும். முட்டையிலிருந்து வளர்ந்த சிற்றுண்ணியாக ஆக ஏறக்குறைய மூன்று வாரம் எடுக்கும். போதாததற்குக் காதை விட்டு வெளியே வந்து கழுத்து முடியிலும் திரியும். காதுக்குள் மட்டும் எண்ணெய் ஊற்றினால் வெளியே நிற்பவை திரும்ப உள்ளே வந்துவிடும். தோளில் விடும் செலாமெக்டின், மாக்சிடெக்டின் சொட்டுகளோ, ஃப்ளுராலனர் வகை மாத்திரைகளோ உடம்பு முழுக்க வேலை செய்வதால் இந்தச் சிக்கல் இல்லை. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் அந்த மாத்திரைகளுக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஐவர்மெக்டினை நீங்களே அளவு பார்த்துக் கொடுக்காதீர்கள். கோலி இனத்திலும் அதன் உறவு இனங்களிலும் ஒரு மரபணு மாற்றம் பரவலாக உண்டு. அது இருந்தால் மருந்து மூளைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். அடுத்து, சிற்றுண்ணி தொற்றும் என்பதால் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். ஆனால் நாயின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய்க்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

அறிகுறி: மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், அழுகிய வாடை

பாக்டீரியா. வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டும். இதில் சூடோமோனாஸ் என்ற வகை பல மருந்துகளுக்கு அசைந்துகொடுக்காது. எந்த மருந்துக்கு மசியும் என்று அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

போவது என்று முடிவு செய்துவிட்டால் அன்றைக்குக் காதைக் கழுவாதீர்கள். அழுக்காகக் கூட்டிப் போக நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் அவருக்கு அந்த அழுக்குதான் வேண்டும். பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். அடி பெருத்து இடை சிறுத்துத் தெரிவது ஈஸ்ட், உருண்டைகளும் குச்சிகளும் பாக்டீரியா. சில நிமிட வேலை. இந்தச் சோதனை இல்லாமலே சொட்டு மருந்து எழுதப்பட்டால், "ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

போன தடவை மிச்சமான சொட்டு மருந்து அலமாரியில் இருக்கும். கை அதற்குத்தான் போகும். வேண்டாம். போன தடவை ஈஸ்ட், இந்தத் தடவை பாக்டீரியா என்று இருக்கலாம். செவிப்பறையும் அப்போது இருந்தபடி இப்போது இல்லாமல் போயிருக்கலாம்.

அறிகுறி: திடீரென்று, ஒரே ஒரு காது

காலையில் நன்றாக இருந்தது. புல்வெளியில் ஓடிவிட்டு வந்ததும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து வெறிபிடித்ததுபோல் உதறுகிறது. புல்லின் முள்முனைக் கதிர் உள்ளே போயிருக்கலாம். அதன் கூர் ஒரே திசையில் அமைந்திருப்பதால் ஒவ்வொரு உதறலுக்கும் இன்னும் உள்ளே நகரும், வெளியே வராது. மேலாகக் கண்ணுக்குத் தெரிந்து, முனை கையில் சிக்கினால் மெதுவாக இழுத்து எடுக்கலாம். தெரியவில்லை என்றால் குடையாதீர்கள், எண்ணெய் ஊற்றியும் பார்க்காதீர்கள். செவிப்பறையைத் துளைக்கக்கூடிய பொருள் அது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினால் இடுக்கியால் எடுத்துவிடுவார்.

உண்ணியாகவும் இருக்கலாம். மடலின் உட்புற மடிப்பில் ஒளிந்துகொண்டிருக்கும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் தேவையில்லை. குழாய்க்குள் ஆழத்தில் இருந்தால் நீங்கள் தொட வேண்டாம்.

அறிகுறி: மடல் உப்பி மெத்தென்று இருக்கிறது

விடாமல் உதறியதில் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் ரத்தம் தேங்கியிருக்கிறது. ஊசியால் குத்தி வடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குத்தினால் மறுபடி நிரம்பும், கூடவே தொற்றும் சேரும். விட்டுவிட்டால் மெல்ல வற்றும், ஆனால் மடல் சுருங்கிக் கோணலாகிவிடும், அதனால் குழாயின் வாயும் குறுகலாம். மருத்துவரிடம் போகும் வரை காதைத் தலையோடு சேர்த்துத் தளர்வாகத் துணியால் கட்டி வையுங்கள், உதறும் சேதமாவது குறையும். உதறலுக்குக் காரணமான தொற்றை விட்டுவிட்டு வீக்கத்தை மட்டும் சரிசெய்தால் அது திரும்ப வரும்.

அறிகுறி: உள்ளே நன்றாக இருக்கிறது, மடலின் ஓரத்திலும் நுனியிலும் பொருக்கு

குழாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. காது நிமிர்ந்து நிற்கும் நாய்களின் நுனியில் ஈ கடித்துப் புண்ணாக்கும், கருஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டும். உப்பு நீரில் துடைத்து, மேலே மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி பூசி, பகலில் உள்ளே வைத்திருந்தால் ஆறும். புண்ணில் புழு நெளிந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஓரம் முழுக்கத் தடித்து முடி உதிர்ந்திருந்தால் ஒரு சின்னச் சோதனை. மடலின் ஓரத்தை இரண்டாக மடித்து, ஒன்றோடொன்று கட்டைவிரலால் சில விநாடி தேயுங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் ஆடினால் சொறிச் சிற்றுண்ணியின் சந்தேகம் பலப்படும். அது மனிதர் தோலிலும் அரிப்பை உண்டாக்கும். உங்கள் கையிலும் இடுப்பிலும் காரணம் தெரியாத அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சரியாகிறது, திரும்ப வருகிறது, சரியாகிறது, திரும்ப வருகிறது

இந்த நிலையில் இருப்பவர்கள்தான் இயற்கை வைத்தியத்தை அதிகம் தேடுகிறார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்ற கோபம் நியாயமானது. ஆனால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். ஈஸ்ட் செத்துவிட்டது, அதை அழைத்து வந்த காரணம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஈஸ்டும் பாக்டீரியாவும் பெரும்பாலும் இரண்டாவதாக வருபவைதான். முதலாவது ஒவ்வாமையாக இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம், குழாய்க்குள் வளர்ந்த சதையாக இருக்கலாம். வளர்ந்த நாய்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒவ்வாமை.

ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்குங்கள். எந்த மாதத்தில் வருகிறது, ஒரு காதா இரண்டா, அப்போது பாதத்தை நக்குகிறதா, உணவு மாறியதா, நீந்தியதா. குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வந்தால் மகரந்தம் போன்ற காற்றில் வரும் பொருள்களைச் சந்தேகிக்கலாம். ஆண்டு முழுவதும் என்றால் வீட்டுத் தூசிச் சிற்றுண்ணியாகவோ உணவாகவோ இருக்கலாம். எப்போதும் ஒரே காதில்தான் என்றால் ஒவ்வாமையைவிட அந்தக் காதுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. விலக்கு உணவுதான் வழி. நாய் இதுவரை சாப்பிட்டிராத ஒரே ஒரு புரதமும் ஒரே ஒரு மாவுச்சத்தும், அல்லது மருத்துவர் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவு (புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்தது) மட்டும், குறைந்தது 8 வாரம். தோல் குணமானால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் உறுதி. கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் தெரியும். வீட்டில் யாராவது ஒருவர் "ஒரே ஒரு பிஸ்கட்தானே" என்று கொடுத்தால் அதுவரை எடுத்த பாடு வீண். சுவையூட்டிய மாத்திரை, மெல்லும் எலும்பு, தரையில் குழந்தை சிந்தியது எல்லாம் கணக்கில் வரும்.

தானியத்தை நிறுத்தினால் காதிலுள்ள ஈஸ்ட் பட்டினியில் சாகும் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த ஈஸ்ட் வாழ்வது தோலின் கொழுப்பை நம்பித்தான். தட்டில் மாவுச்சத்தைக் குறைத்தால் அதற்குப் பசிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. நாய்களுக்கு உணவு ஒவ்வாமை வருவதும் தானியத்தைவிட மாட்டிறைச்சி, பால், கோழி போன்ற புரதங்களால்தான் அதிகம்.

திரும்பத் திரும்ப வருவதற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு: சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்துவது. அரிப்பு சில நாளில் அடங்கிவிடும், உள்ளே இருப்பது அடங்கியிருக்காது. சொன்ன நாள் வரை போடுங்கள், முடிந்ததும் மறுபடி நுண்ணோக்கிப் பரிசோதனைக்குக் காட்டுங்கள்.

கழுவும் முறை

தேவையானவை கழுவும் திரவம், பஞ்சு அல்லது மெல்லிய துணி, ஒரு பழைய துண்டு, நாய்க்குப் பிடித்த தின்பண்டம். காது குடையும் பட்ஸ் வேண்டாம். அது அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளி, திருப்பத்தில் அடைத்துவைக்கும் வேலையைத்தான் நன்றாகச் செய்கிறது.

பாட்டிலைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். குளிர்ந்த திரவம் உள்ளே போனால் நாய் துள்ளும், தலைசுற்றவும் செய்யும். நல்ல காதிலிருந்து தொடங்குங்கள், கெட்ட காதில் பட்ட பஞ்சு நல்லதில் படக் கூடாது. மடலை மேல்நோக்கி லேசாக இழுத்துப் பிடித்தால் குழாய் கொஞ்சம் நேராகும். பாட்டிலின் முனை காதில் படாமல், குழாய் நிரம்பும் வரை ஊற்றுங்கள். நாலு சொட்டு விட்டால் அது திருப்பத்தைத் தாண்டாது. பிறகு காதின் அடியில், தாடை முடியும் இடத்தில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அரை நிமிடம் பிசைந்து விடுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் திரவம் போதவில்லை.

இப்போது கையை எடுங்கள், உதறட்டும். அழுக்கை மேலே கொண்டுவருவதில் அந்த உதறலுக்கு ஈடு கிடையாது. சுவரும் உங்கள் சட்டையும் நனையும், துண்டு அதற்குத்தான். மேலே வந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். நிறையப் பிசுக்கு வந்தால் இன்னொரு முறை செய்யலாம். தின்பண்டத்தைக் கடைசியில் கொடுப்பதைவிட ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொடுப்பது நல்லது.

திரவம் வாங்கும்போது சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம், போரிக் அமிலம் போன்றவை உள்ளதைப் பாருங்கள். மெழுகை இளக்கவோ காதை உலர்த்தவோ உதவுபவை இவை. அவசரத்துக்கு ஒன்றும் இல்லையென்றால் உப்பு நீர் போதும்: கொதித்து ஆறிய 500 மில்லி தண்ணீருக்கு 4.5 கிராம் உப்பு, ஏறக்குறைய முக்கால் தேக்கரண்டி. இது எரியாது, ஆனால் உலரவும் வைக்காது. வெளிப்பக்கத்தைத் துடைக்க மட்டும் பயன்படுத்துங்கள், மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அலமாரியில் இருக்கும் மற்றவை

தேங்காய் எண்ணெய்: மடலின் வெளிப்புறம் காய்ந்து செதில் உரிந்தால் மெல்லியதாகப் பூசலாம். குழாய்க்குள் வேண்டாம். மலசீசியா கொழுப்பில் வளரும் இனம், அதற்கு எண்ணெய் விருந்து. ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைக்கும்.

டீ ட்ரீ எண்ணெய்: வீட்டில் நாய் இருந்தால் இதைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். தோல் வழியாகவும் நக்குவதன் வழியாகவும் உள்ளே போய் தள்ளாட்டம், நடுக்கம், பலவீனம் உண்டாக்கும். "இயற்கை" என்று சீட்டு ஒட்டியிருப்பதால் எதுவும் மாறிவிடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு: நுரைப்பது சுத்தமாவதுபோல் தோன்றும். புண்ணான தோலை மேலும் அரிக்கும், நுரைத்த பிறகு மிஞ்சுவது தண்ணீர். அந்த நுரைச் சத்தமே பல நாய்களைப் பயமுறுத்தும்.

பூண்டு எண்ணெய்: பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், காதில் விட்டதைப் பாதத்தால் துடைத்து நக்கத்தான் போகிறது. மஞ்சள்: தூள் குழாய்க்குள் போய்க் கட்டிப் பிடிக்கும், நிறம் எல்லாவற்றையும் மறைத்துவிடுவதால் அப்புறம் மருத்துவருக்கும் எது சீழ், எது மஞ்சள் என்று தெரியாது. கற்றாழை: வெளித்தோலில் கூழை மட்டும் பூசலாம், கற்றாழை மடலின் தோலுக்கு அடியிலுள்ள மஞ்சள் பாலை நக்கினால் வயிற்றுப்போக்கு.

வராமல் பார்த்துக்கொள்ள

குளிப்பாட்டும்போது காதின் வாயில் பெரிய பஞ்சுருண்டை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். நீந்தும் நாய் என்றால் ஒவ்வொரு நீச்சலுக்குப் பிறகும் உலர்த்தும் திரவம். மற்ற நாய்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பொதுவிதி கிடையாது. காதுத் தொல்லையே வராத நாயின் காதைக் கழுவ வேண்டிய அவசியமில்லை, பார்த்தும் மோந்தும் விட்டால் போதும். அடிக்கடி வருகிற நாய்க்கு வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நாயைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். தினமும் கழுவினால் தோல் ஊறி, அதுவே தொற்றுக்கு வழிவிடும்.

குழாய்க்குள் முடி வளரும் இனங்களில் எல்லா முடியையும் பிடுங்கிவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பிடுங்கிய இடம் சிவந்து வீங்கி, இல்லாத தொல்லையை வரவழைக்கும். காது நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாயில் அடைத்து நிற்பதை மட்டும் கத்தரியுங்கள்.

குட்டியாக இருக்கும்போதே தினமும் காதைத் தொட்டு, மடலைப் புரட்டி, அடியில் லேசாகப் பிசைந்து, ஒரு தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். வளர்ந்த நாயிடம் இதைத் தொடங்கினால் நாள் பிடிக்கும். முதல் வாரம் தொடுவதோடு நிறுத்துங்கள், பாட்டிலைப் பக்கத்தில் வைத்து மோந்து பார்க்க விடுங்கள், மூடியைத் திறக்கவே வேண்டாம். காது நன்றாக இருக்கும் நாட்களில்தான் இந்தப் பழக்கமெல்லாம் நடக்கும். வலிக்கும் காதோடு நிற்கும் நாய்க்கு அன்றைக்குப் பாடம் எடுக்க முடியாது, இரண்டு பேர் சேர்ந்து பிடித்து அமுக்குவதும் கூடாது. அப்படி ஒரு கட்டம் வந்தால், ஒருமுறை காதில் விட்டால் பல நாள் வேலை செய்யும் மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருக்கிறது, எல்லாக் காதுக்கும் பொருந்தாது என்பதால் பரிசோதித்துவிட்டு அவர்தான் போட வேண்டும்.